அவலாஞ்சி, அப்பர் பவானி ஏரிகளைப் பார்ப்பது எப்படி? சந்தேகங்களும் விளக்கங்களும்

நீலகிரிக்கு வாகனத்தில் வருவோர் இ-பாஸ் பெற வேண்டும் என்ற நடைமுறை 2024 மே 7-ஆம் தேதி தொடங்கியது. அதன் பிறகு வாகன எண்ணிக்கைக்கு வரம்பு, மலையேற்றத்துக்கு இணையவழி முன்பதிவு, பிளாஸ்டிக் பொருட்களுக்கு விரிவான தடை என அடுத்தடுத்து விதிகள் வந்துள்ளன. உதகை நகரைச் சுற்றிப் பார்த்துத் திரும்புவோருக்கு இவற்றால் பெரிய குழப்பம் இல்லை. மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், காப்புக்காடுகளுக்கு நடுவே உள்ள அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி ஏரிகளைக் காண விரும்புவோருக்குத்தான் கேள்விகள் அதிகம். இ-பாஸ் கையில் இருந்தால் ஏரிக்கரை வரை காரை ஓட்டிச் செல்லலாம் என்று நம்பி வருவோர், வனத்துறைச் சோதனைச்சாவடியில் நிறுத்தப்படும்போதுதான் இரண்டும் வெவ்வேறு அனுமதிகள் என்பதை அறிகின்றனர். பொதுமக்களுக்கு எழும் சந்தேகங்களும் அவற்றுக்கான விளக்கங்களும் வருமாறு:

இந்த ஏரிகள் எங்கே இருக்கின்றன?

மூன்றும் நீலகிரி மாவட்டத்தின் குந்தா பகுதியில் உள்ளன. உதகையிலிருந்து முத்தோரை பாலாடா, எமரால்டு வழியாக அவலாஞ்சிக்குச் சுமார் 25 கி.மீ. அப்பர் பவானி அங்கிருந்து காட்டுப்பாதையில் மேலும் ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில், முக்குருத்தி தேசியப் பூங்காவை ஒட்டி அமைந்துள்ளது.

எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன?

அவலாஞ்சி, எமரால்டு ஏரிகள் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ளன. அதாவது, 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகை நகரைவிட இவை சற்றுத் தாழ்வானவை. அப்பர் பவானியின் உயரம் சுமார் 2,275 மீட்டர்.

இவை இயற்கையாக உருவான ஏரிகளா?

இல்லை; மூன்றும் மின் உற்பத்திக்காகக் கட்டப்பட்ட அணைகளின் நீர்த்தேக்கங்கள். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா அரசின் உதவியுடன் 1950-களின் பிற்பகுதியில் தொடங்கிய குந்தா நீர்மின் திட்டத்தின் அங்கங்கள் இவை. நீர்மட்டத்தின் உச்ச அளவு அப்பர் பவானிக்கு 210 அடி, எமரால்டுக்கு 184 அடி, அவலாஞ்சிக்கு 171 அடி. உதகை நகர ஏரியும் 1820-களில் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் காலத்தில் வெட்டப்பட்டதே.

வெறும் அணை என்றால் இத்தனை கட்டுப்பாடு எதற்கு?

அப்பர் பவானியில் தேங்கும் நீர் சுரங்கக் குழாய் வழியாக அவலாஞ்சி, எமரால்டு நீர்த்தேக்கங்களுக்கு வந்து, அங்கிருந்து குந்தா, கெத்தை, பரளி மின்நிலையங்களைக் கடந்து பில்லூர் அணையைச் சேர்கிறது. கோவை மாநகரின் முக்கியக் குடிநீர் ஆதாரங்களில் ஒன்று பில்லூர். அதைத் தாண்டிச் செல்லும் நீர் பவானிசாகர் அணையை அடைந்து, கீழ்பவானித் திட்டத்தில் 2.07 லட்சம் ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் அளிக்கிறது. ஏரிக்கரையில் விடப்படும் கழிவு ஏரியோடு நின்றுவிடுவதில்லை. சமவெளியில் குடிப்பவருக்கும் உழுபவருக்கும் போய்ச் சேர்கிறது. மழைநீரைப் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாக ஓடைகளில் விடும் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் இந்த ஏரிகளைச் சுற்றியே மிச்சம் இருக்கின்றன என்பது இன்னொரு முக்கியக் காரணம்.

குந்தா திட்டத்தில் எவ்வளவு மின்சாரம் கிடைக்கிறது?

இத்திட்டத்தின் 6 மின்நிலையங்களின் மொத்த நிறுவுதிறன் 585 மெகாவாட். இதைத் தவிர, போர்த்திமந்து நீர்த்தேக்கத்தை மேல் அணையாகவும் அவலாஞ்சி-எமரால்டு நீர்த்தேக்கத்தைக் கீழ் அணையாகவும் கொண்டு 500 மெகாவாட் திறனுள்ள நீரேற்று மின் திட்டமும் வகுக்கப்பட்டுள்ளது.

இ-பாஸ் முறையைக் கொண்டுவந்தது யார்?

சென்னை உயர் நீதிமன்றம். நீதிபதிகள் என்.சதீஷ்குமார், டி.பரத சக்கரவர்த்தி அமர்வு 2024 ஏப்ரல் 29-ஆம் தேதி இதற்கான உத்தரவைப் பிறப்பித்தது. சீசன் நாட்களில் நீலகிரிக்குள் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வாகனங்கள் நுழைகின்றன, மற்ற நாட்களில் இது 2,000 அளவில்தான் இருக்கிறது என்ற விவரம் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்டிருந்தது. முதலில் 2024 ஜூன் 30 வரை மட்டும் என அறிவிக்கப்பட்ட நடைமுறை பின்னர் நீட்டிக்கப்பட்டது.

யார் யார் இ-பாஸ் எடுக்க வேண்டும்?

வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் சொந்த வாகனத்திலோ வாடகை வாகனத்திலோ வருவோர் எடுக்க வேண்டும். பாஸ் என்பது வாகனத்துக்கு உரியது. பயணிகள் ஒவ்வொருவரும் தனித்தனியே எடுக்கத் தேவையில்லை. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருவோருக்கு இ-பாஸ் வேண்டாம். நீலகிரி மாவட்டப் பதிவெண்ணான டி.என்.43 கொண்ட வாகனங்களுக்கும் விலக்கு உண்டு.

கட்டணம் எவ்வளவு? எப்படிப் பெறுவது?

இ-பாஸுக்குக் கட்டணம் ஏதும் இல்லை. தமிழ்நாடு மின்னாளுமை முகமையின் இ-பாஸ் இணையதளத்தில் கைபேசி எண்ணைப் பதிந்து, வாகன எண், வரும் தேதி, திரும்பும் தேதி, பயணிகளின் எண்ணிக்கை, தங்குமிடம் ஆகிய விவரங்களை அளிக்க வேண்டும். வெளிநாட்டவர் கைபேசி எண்ணுக்குப் பதிலாக மின்னஞ்சல் முகவரியைப் பயன்படுத்தலாம். இலவசமாகக் கிடைக்கும் பாஸை எடுத்துத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் இடைத்தரகர்களை நாடத் தேவையே இல்லை.

ஒரு நாளைக்கு எத்தனை வாகனங்களுக்கு அனுமதி?

2025 மார்ச் 13-ஆம் தேதி பிறப்பிக்கப்பட்ட உத்தரவில், அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனுக்கு உதகைக்கு வார நாட்களில் 6,000, வார இறுதி நாட்களில் 8,000 என வரம்பு விதிக்கப்பட்டது. கொடைக்கானலுக்கு இதே வரம்பு முறையே 4,000, 6,000. மலைகள் எவ்வளவு வாகனங்களைத் தாங்கும் என்பதை ஆய்வு செய்யும் பணி சென்னை ஐ.ஐ.டி.யிடமும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மிடமும் ஒப்படைக்கப்பட்டது. 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் முறை விரிவுபடுத்தப்பட்டது.

குறிப்பிட்ட நாளுக்கு இடம் தீர்ந்துவிட்டால்?

வரம்பு நடைமுறையில் உள்ள நாட்களில், எண்ணிக்கை நிரம்பியதும் அந்தத் தேதிக்கு இணையதளம் புதிய பாஸ் வழங்காது. வேறு தேதியைத் தேர்வு செய்யலாம்; அல்லது மேட்டுப்பாளையத்தில் காரை விட்டுவிட்டு அரசுப் பேருந்தில் ஏறி வரலாம். மலை ரயிலும் ஒரு வழிதான். ஆனால் சீசன் நாட்களில் அதற்கு முன்பதிவு வெகு முன்னதாகவே முடிந்துவிடும்.

பாஸ் எந்த இடங்களில் சோதிக்கப்படுகிறது?

மேட்டுப்பாளையம்-குன்னூர் சாலையில் கல்லாறு, கோத்தகிரி சாலையில் குஞ்சப்பனை, மஞ்சூர் சாலையில் கெத்தை, கூடலூர் பக்கம் மேல்கூடலூர், மைசூரு பக்கம் மசினகுடி ஆகிய இடங்கள் சோதனை நடைபெறும் இடங்களில் அடங்கும். பாஸைக் கைபேசியில் பதிவிறக்கி வைத்திருந்தால் போதும். சீசன் நாட்களில் குன்னூர் வழியாக ஏறுவது, கோத்தகிரி வழியாக இறங்குவது என ஒருவழிப் போக்குவரத்து அமல்படுத்தப்படுவதால், போகும் வழியும் வரும் வழியும் வேறுபடலாம்.

இ-பாஸ் இருந்தால் அவலாஞ்சி ஏரிக்கரை வரை காரில் போகலாமா?

போக முடியாது. இ-பாஸ் என்பது மாவட்டத்துக்குள் வாகனம் நுழைவதற்கான பதிவு மட்டுமே; காட்டுக்குள் நுழையும் உரிமையை அது தருவதில்லை. அவலாஞ்சியில் வனத்துறையின் சூழல் சுற்றுலா மையம் உள்ளது; சொந்த வாகனம் அந்த நுழைவாயில் வரை மட்டுமே செல்லலாம். அதற்கு அப்பால் சீட்டு பெற்று வனத்துறை வாகனத்தில்தான் செல்ல வேண்டும்.

வனத்துறை வாகனத்தில் எங்கெல்லாம் அழைத்துச் செல்கிறார்கள்?

காப்புக்காட்டுச் சாலையில், பவானியம்மன் கோயில், லக்கிடி ஆகிய பகுதிகளுக்குச் சென்று திரும்பும் வகையில் பயணம் அமைந்துள்ளது. வழியில் சோலைக்காடுகளையும் புல்வெளிகளையும் நீர்த்தேக்கத்தின் தோற்றத்தையும் காணலாம். ஓட்டுநர் நிறுத்தும் இடங்களைத் தவிர வேறெங்கும் இறங்க அனுமதியில்லை.

அதற்கு எவ்வளவு கட்டணம்?

நுழைவுக் கட்டணம், வாகனக் கட்டணம் ஆகியவற்றை வனத்துறை நிர்ணயித்து, அவ்வப்போது மாற்றி அமைக்கிறது. நுழைவாயில் சீட்டு மையத்தில் அன்றைக்கு எழுதி வைக்கப்பட்டிருக்கும் தொகையே செல்லுபடியாகும். செலுத்தும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கேட்டுப் பெறுவது பயணிகளின் உரிமை.

எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும்?

காட்டுக்குள் பயணம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே நடத்தப்படுகிறது. மாலைக்குள் அனைவரும் வெளியே வந்துவிட வேண்டும். எனவே பிற்பகலில் உதகையிலிருந்து புறப்படுவோர் நுழைவாயிலோடு திரும்ப நேரலாம். விடுமுறை நாட்களில் வனத்துறை வாகனத்துக்கான காத்திருப்பும் சேர்ந்துகொள்வதால், காலையிலேயே அவலாஞ்சியை அடைவதுதான் பொருத்தம்.

கார் இல்லாதவர்கள் என்ன செய்வது?

உதகையிலிருந்து எமரால்டுக்கு அரசுப் பேருந்துகள் இயங்குகின்றன. காரட், உருளைக்கிழங்கு விளையும் பாலாடா, நஞ்சநாடு பகுதி மக்களுக்கான பேருந்துகள் இவை என்பதால், சுற்றுலா நேரத்தையொட்டி இவை இயக்கப்படுவதில்லை. திரும்பும் பேருந்து எப்போது என்பதை உதகை பேருந்து நிலையத்திலேயே கேட்டறிந்து செல்ல வேண்டும்.

எமரால்டு ஏரியைப் பார்க்கவும் அனுமதி வேண்டுமா?

எமரால்டு ஓர் ஊர். அதற்குப் பொதுச் சாலை இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களுக்கும் காய்கறி வயல்களுக்கும் நடுவே செல்லும் அந்தச் சாலையிலிருந்தே நீர்த்தேக்கத்தைப் பார்க்க முடியும். அதற்குத் தனி அனுமதி தேவையில்லை. அணைக்கட்டு, மின்வாரியக் கட்டுமானங்கள் ஆகியவை பாதுகாக்கப்பட்ட பகுதிகள். அங்கு நுழையக் கூடாது. தேயிலைத் தோட்டங்கள் தனியார் நிலம் என்பதால், படம் எடுப்பதற்காக உரிமையாளரைக் கேட்காமல் உள்ளே இறங்குவதும் அத்துமீறலே.

மஞ்சூர் வழியாக அப்பர் பவானிக்குப் போக முடியும் என்கிறார்களே?

மஞ்சூரிலிருந்து கோரகுந்தா தேயிலைத் தோட்டம் வழியாக அப்பர் பவானிக்குச் சாலை இருப்பது உண்மை. ஆனால் அது மின்வாரியப் பணியாளர்களுக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்குமான சாலை. கோரகுந்தாவுக்கு அப்பால் வனத்துறையின் அனுமதியின்றிச் செல்ல முடியாது. வழிகாட்டிச் செயலிகள் இந்தப் பாதையைக் குறுக்குவழியாகக் காட்டுவதை நம்பி வருவோர் சாவடியில் நிறுத்தப்படுவர். வரைபடத்தில் சாலை தெரிவதும் அதில் பயணிக்க உரிமை இருப்பதும் ஒன்றல்ல.

முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் உள்ள நீர்நிலைகளைப் பார்க்கலாமா?

முக்குருத்தி 78.46 சதுர கி.மீ. பரப்பு கொண்டது, 1990-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பொதுச் சுற்றுலாத் தலங்களைப் போல அங்கு சீட்டு வாங்கி நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. வனத்துறை அனுமதித்துள்ள மலையேற்றப் பாதையில், முன்பதிவு செய்து, வழிகாட்டியுடன் செல்வது மட்டுமே சாதாரணப் பயணிக்கு உள்ள வழி.

மலையேற்றத்துக்கு எப்படிப் பதிவு செய்வது?

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபர் 24-ஆம் தேதி தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். 14 மாவட்டங்களில் 40 பாதைகள் இத்திட்டத்தில் அறிவிக்கப்பட்டன; அவலாஞ்சி-கோலாரிபெட்டா, பார்சன்ஸ்வேலி-முக்குருத்தி ஆகியவை நீலகிரியில் ஏரிகளை ஒட்டிய பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ள பாதைகளுக்கு ஏற்பக் கட்டணம் மாறும். உள்ளூர் மக்களிலிருந்தும் பழங்குடியினரிலிருந்தும் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளிக்கப்பட்ட வழிகாட்டிகள் உடன் வருவர்.

சிறுவர்களை அழைத்துச் செல்லலாமா?

18 வயது நிறைவடையாதவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. கோலாரிபெட்டா 2,629 மீட்டர் உயரமுள்ள சிகரம். நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவைவிட 8 மீட்டர் மட்டுமே குறைவு. மலை நடையில் பழக்கமில்லாத பிள்ளைகளுக்கு இத்தகைய பாதைகளைத் தவிர்த்து, எளிது என வகைப்படுத்தப்பட்டவற்றைத் தேர்வு செய்வது நல்லது.

ஆண்டு முழுவதும் மலையேற்றம் நடைபெறுமா?

நடைபெறாது. காட்டுத்தீ அபாயம் மிகுந்த கோடையின் முற்பகுதியில், பொதுவாகப் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை, மலையேற்றம் நிறுத்தி வைக்கப்படுகிறது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11-ஆம் தேதி காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 23 பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகளை அரசு வகுத்தது.

அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நுழைந்தால் என்ன தண்டனை?

காப்புக்காட்டில் அத்துமீறி நுழைவது தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன் கீழ் குற்றம். தேசியப் பூங்கா, சரணாலயப் பகுதி எனில் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972 பொருந்தும்; 2022-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பொதுவான விதிமீறலுக்கு 3 ஆண்டுகள் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். தங்கும் விடுதியோ வாகன ஓட்டுநரோ ‘நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்’ என்று அழைத்துச் சென்றார் என்பதால் பயணியின் பொறுப்பு நீங்கிவிடாது.

ஏரியில் இறங்கிக் குளிக்கலாமா?

கூடாது. மின் உற்பத்தித் தேவைக்கேற்ப நீர் திறக்கப்படுவதாலும் நிறுத்தப்படுவதாலும் நீர்மட்டம் மாறிக்கொண்டே இருக்கும். நேற்று நீரில் மூழ்கியிருந்த கரை இன்று வெளியே தெரியும். அந்தக் கரையில் மேலே காய்ந்தும் உள்ளே சேறாகவும் இருக்கும் மண்ணில் கால் புதையும். கரையிலிருந்து சில அடிகளிலேயே ஆழம் திடீரெனக் கூடும் இடங்களும், உடலை விறைக்க வைக்கும் நீரின் குளிர்ச்சியும் நீச்சல் தெரிந்தவரையும் ஆபத்தில் தள்ளக்கூடியவை.

டிரவுட் மீன் பண்ணை என்கிறார்களே, அது என்ன?

குளிர்நீரில் மட்டுமே வாழும் டிரவுட் மீன்கள் ஆங்கிலேயர் ஆட்சியில் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டவை. அவற்றின் குஞ்சு பொரிப்பகம் அவலாஞ்சியில் 1907-இல் எச்.சி.வில்சன் என்பவரால் நிறுவப்பட்டது. தற்போது மீன்வளத்துறையின் பொறுப்பில் உள்ளது. சூழல் சுற்றுலாவுக்காகப் பெறும் சீட்டு, ஏரியிலோ ஓடையிலோ தூண்டில் போடுவதற்கான அனுமதி ஆகாது.

தண்ணீர் பாட்டில் கொண்டு போகலாமா?

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களைக் கொண்டு செல்லக் கூடாது. நீலகிரி முதல் அகத்தியமலை வரையிலான மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில், தண்ணீர், குளிர்பானப் பாட்டில்கள் உட்பட 28 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை விதித்து 2025 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எவர்சில்வர் பாட்டிலைக் கொண்டு வந்தால், மாவட்டத்தின் முக்கிய இடங்களில் உள்ள குடிநீர் ஏ.டி.எம்.களில் நிரப்பிக்கொள்ளலாம். நீலகிரிக்கு இது புதிய முயற்சி அல்ல. 2000-ஆம் ஆண்டில் ஆட்சியராக இருந்த சுப்ரியா சாஹு பிளாஸ்டிக் ஒழிப்பு இயக்கத்தை இங்கு தொடங்கினார்.

ஏரிக்கரையில் கூடாரம் அடித்து இரவு தங்க முடியுமா?

காப்புக்காட்டில் கூடாரம் அமைப்பதும் தீ மூட்டுவதும் அனுமதிக்கப்படுவதில்லை. இமாச்சலப் பிரதேசத்தில் சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் உள்ள சந்திரதால் ஏரியிலும் இதே நிலைதான். அங்கு முகாம்கள் ஏரிக்கரையை விட்டுத் தள்ளியே அமைக்கப்படுகின்றன. அவலாஞ்சிக்குச் செல்வோர் உதகை, எமரால்டு, மஞ்சூர் பகுதிகளில் தங்கி, பகலில் சென்று திரும்பலாம்.

மழைக்காலத்தில் போகலாமா?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நீலகிரியின் மேற்கு விளிம்பைத்தான் முதலில் தாக்குகிறது. 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் 82 செ.மீ. மழை பதிவானது, வானிலை ஆய்வு மையம் ‘அதி கனமழை’ என வகைப்படுத்தும் 20.4 செ.மீ. அளவைப் போல இது நான்கு மடங்கு. இத்தகைய மழையில் மண் சரிந்து சாலை துண்டிக்கப்படுவது இங்கு அரிதல்ல. சிவப்பு எச்சரிக்கை விடப்படும் நாட்களில் அவலாஞ்சி சுற்றுலா மையம் மூடப்படும். பாஸோ விடுதி முன்பதிவோ இருப்பதால் இதில் விலக்கு கிடைக்காது.

எந்த மாதங்கள் ஏற்றவை?

வானம் தெளிவாக இருக்கும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலும், சீசனான ஏப்ரல், மே மாதங்களிலும் பயணிகள் அதிகம் வருகின்றனர். டிசம்பர், ஜனவரி இரவுகளில் அவலாஞ்சியில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கி, புல்வெளிகள் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். அதிகாலையில் சாலை வழுக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை மாவட்டத்தின் கிழக்குச் சரிவுகளான குன்னூர், கோத்தகிரி சாலைகளைப் பாதிக்கும்: 2009 நவம்பரில் பெய்த மழையில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏரிப் பக்கம் வெயில் அடித்தாலும் மலையேறும் சாலை மூடியிருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது.

குறிஞ்சிப் பூவைப் பார்க்க முடியுமா?

12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி கடைசியாக 2018-இல் பரவலாகப் பூத்தது. அடுத்து 2030-இல் பூக்க வேண்டும். குறிஞ்சியில் பல வகைகள் உள்ளதால், இடையிடையேயும் சில சரிவுகளில் பூக்கள் காணப்படுவதுண்டு.

உயரத்தால் மூச்சுத்திணறல் வருமா?

உயரமான மலைகளில் ஏற்படும் உடல்நலக் குறைவு பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்குகிறது என்பதால், இந்த ஏரிகளில் ஆரோக்கியமானவர்களுக்கு அந்த அச்சம் வேண்டாம். 2,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுச் செல்வது நல்லது. பலருக்கு வரும் தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் கொண்டை ஊசி வளைவுகளே காரணம். லடாக்கின் பாங்காங் ஏரி சுமார் 4,250 மீட்டர், சிக்கிமின் குருதோங்மார் ஏரி சுமார் 5,180 மீட்டர் உயரத்தில் உள்ளன; அங்கு செல்வோர்தான் வழியில் ஓரிரு நாள் தங்கி உடலைப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

வனவிலங்குகளால் ஆபத்து உண்டா?

கடமான், காட்டெருமை, சிறுத்தை, புலி ஆகியவை நடமாடும் காடு இது. வாகனத்தை விட்டு இறங்காதிருக்கும் வரை ஆபத்து குறைவு. முக்குருத்தி, மாநில விலங்கான வரையாட்டின் முக்கிய வாழிடங்களில் ஒன்று. வரையாட்டைப் பாதுகாக்க 25.14 கோடி ரூபாயில் தனித் திட்டம் செயல்படுத்தப்பட்டு வருகிறது. தமிழகத்தில் 2024 கணக்கெடுப்பில் 1,031 ஆக இருந்த எண்ணிக்கை 2025-இல் 1,303 ஆனது. விலங்குகளுக்கு உணவு கொடுப்பதும், ஒலி எழுப்பித் திரும்பிப் பார்க்க வைப்பதும் குற்றம்.

தோடர் மந்துகளுக்குள் போய்ப் பார்க்கலாமா?

மந்து என்பது தோடர் மக்கள் வாழும் குடியிருப்பு. சுற்றுலாத் தலம் அல்ல. அவர்களின் கோயில்களுக்கு அருகே வெளியாட்கள் செல்வதற்கும் படம் எடுப்பதற்கும் அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். மறுத்தால் அதுவே முடிவு. முக்குருத்தி சிகரத்தை மறுவுலகுக்கான வாசலாகக் கருதுபவர்கள் தோடர்கள். அப்பகுதி மலைகளில் கூச்சலும் குப்பையும் அவர்களின் வழிபாட்டுக்குச் செய்யும் அவமதிப்பாகும்.

ட்ரோன் பறக்கவிடலாமா?

கூடாது. காப்புக்காட்டின் மீதும், அணை, மின்நிலையங்களின் மீதும் அனுமதியின்றி ட்ரோன் இயக்கினால் கருவி பறிமுதல் செய்யப்பட்டு வழக்குப் பதியப்படும். புல்வெளியில் குட்டிகளோடு மேயும் வரையாட்டுக் கூட்டம் அந்த ஒலியில் மிரண்டு பாறைச் சரிவுகளை நோக்கி ஓடும்.

அவசரம் என்றால் யாரை அழைப்பது?

மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணிலும், ஆம்புலன்ஸை 108 என்ற எண்ணிலும் அழைக்கலாம். எமரால்டைத் தாண்டியதும் பல இடங்களில் கைபேசி இணைப்பு கிடைக்காது. எனவே இ-பாஸ், அடையாள அட்டை ஆகியவற்றின் நகலைக் கையில் வைத்திருப்பதும், எங்கே செல்கிறோம் என்பதைத் தங்குமிடத்தில் சொல்லிவிட்டுப் புறப்படுவதும், எரிபொருளை உதகையிலேயே நிரப்பிக்கொள்வதும் அவசியம்.

இவ்வளவு நடைமுறை இல்லாமல் பார்க்கக்கூடிய ஏரி ஏதும் இல்லையா?

உதகை ஏரியிலும், கூடலூர் சாலையில் உதகையிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ள பைக்காராவிலும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகு இல்லங்களை நடத்துகிறது. முதியவர்களும் சிறு பிள்ளைகளும் உள்ள குடும்பங்களுக்கு, காத்திருப்பும் காட்டுப்பாதைக் குலுக்கலும் இல்லாத பைக்காராவே ஏற்றது. வெளியூர் வாகனத்துக்கு இ-பாஸும், படகு இல்லத்தில் வாங்கும் சீட்டும் இருந்தால் போதும். வனத்துறையிடம் முன்பதிவு செய்ய வேண்டியதில்லை.